ஹெட்போனை எதுல செருகுறீங்க?

குரோம்பேட்டையில எங்க பாட்டியைப் பேட்டி எடுத்தேன். ரெக்கார்டரை வெறும் மிக்சரா வச்சு, சத்தத்தை கேமராவுக்கு அனுப்பினேன். அதுல தனியா பதிவு பண்ணலை. ஹெட்போனும் ரெக்கார்டர்லதான். குரல் கணீர்னு கேட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தா, கேமரா ஃபைல் முழுக்கக் கரகரப்பு. மறுபடி கேட்டப்ப, "அதான் சொல்லிட்டேனேடா"ன்னு பாட்டி ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டாங்க.

என்ன ஆச்சுன்னா, ரெக்கார்டர் அனுப்பினது லைன் லெவல்; கேமராவோட மைக் சாக்கெட் எதிர்பார்த்தது மைக் லெவல். வித்தியாசம் 40 டெசிபலா இருந்தாலே வோல்டேஜ் 100 மடங்கு! ரிக்வெஸ்ட் அனுப்பிட்டு ரெஸ்பான்ஸே பார்க்காத கோட் மாதிரிதான் என் வேலை.

அந்த ரெஸ்பான்ஸ்தான் கேமரா ரிட்டர்ன். கேமராவோட ஹெட்போன் அவுட்ல இருந்து ஒரு கேபிள் திரும்ப ரெக்கார்டருக்கு வரணும். மிக்ஸ்ப்ரீ-3, மிக்ஸ்ப்ரீ-6ல ஆக்ஸ் இன்புட்டை இதுக்குப் பயன்படுத்தலாம். அந்த வசதி இல்லைன்னா ஹெட்போனை கேமராவுலயே செருகுங்க. ரிட்டர்ன் கொஞ்சம் பிந்தி வரும். நேரடி ஒலியோட கலந்தா எதிரொலிக்கும், மாத்தி மாத்திக் கேளுங்க.

கேமராவுல ஆட்டோ கெயினை அணைச்சுடுங்க. இல்லைன்னா பாட்டி மூச்சு வாங்குற இடைவெளியில ஜி.எஸ்.டி. ரோடு ஹார்ன் மேலே ஏறி வரும். ரிட்டர்ன் நல்லா கேட்டாலும் கார்டுல பதிவாகுதுன்னு அர்த்தமில்லை. முதல்ல 10 விநாடி எடுத்துப் போட்டுப் பாருங்க.