நாடி பார்க்கும் கருவி

இணையம் மந்தமாகும்போதெல்லாம் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பது நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். ஆனால் நாடி பார்த்து நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பது எப்படி வைத்தியம் ஆகாதோ, அப்படியே கம்பியில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று காணாமல் செய்யும் பரிகாரமும் பரிகாரம் ஆகாது. அந்த நாடியைப் பார்க்கும் சாதனங்களில் பிரதானமானது வயர்ஷார்க்.

அமெரிக்காவில் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனத்தில் பணியாற்றிய ஜெரால்டு கோம்ப்ஸ், இவ்வகைக் கருவிகள் அதிக விலைக்கே கிடைத்த அந்நாளில் தாமே ஒன்றை எழுதி, 1998இல் ‘ஈத்தீரியல்’ என்ற பெயரில் யாவரும் இலவசமாக உபயோகிக்கும்படி வெளியிட்டார். பின்பு அவர் வேலை மாறியபோது அப்பெயரின் உரிமை அவருடன் வராமையால், 2006இல் அதற்கு வயர்ஷார்க் என்ற நாமம் வாய்த்தது.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ்களில் இதனை நிறுவ, டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் வயர்ஷார்க்’ என்னும் ஒரே கட்டளை போதும். ஆயினும் நடுவே திரையில் ஒரு கேள்வி எழும்: ரூட் அல்லாத சாதாரணப் பயனர்களும் பாக்கெட்டுகளைப் பிடிக்கலாமா? ‘வேண்டாம்’ என்பதே முன்கூட்டிக் குறிக்கப்பட்டிருக்கும் விடை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, பிறகு எதுவும் அகப்படவில்லையே என்று சலித்து, முழு நிரலையும் ரூட் அதிகாரத்துடன் இயக்கத் துணிவோர் பலர். அது அபாயம். எங்கிருந்தோ வரும் பாக்கெட்டுகளைப் பகுத்துப் பார்க்கும் பல லட்சம் வரி நிரலில் ஒரு பிழை இருந்தாலும், அதன் வழியே கணினி முழுவதும் அந்நியர் கைக்குப் போய்விடலாம். ‘சம்மதம்’ என்று விடையளித்தாலோ, பிடிக்கும் வேலையை மட்டும் செய்யும் ‘டம்ப்கேப்’ என்ற சிறு நிரலுக்கே அந்த விசேஷ அதிகாரம் கிடைக்கிறது. பகுத்தறியும் பெரும்பணி சாதாரணப் பயனரின் வரம்புக்குள்ளேயே நடக்கிறது. அதன் பின் ‘வயர்ஷார்க்’ என்னும் குழுவில் நம் பயனர் பெயரைச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் லாகின் செய்தால் காரியம் பூர்த்தி.

இனி வைஃபை இணைப்பைத் தேர்ந்து, மேலே உள்ள வடிகட்டிப் பெட்டியில் ‘டிஎன்எஸ்’ என்று எழுதி, உலாவியில் ஏதேனும் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அத்தளத்தின் முகவரி யாது என்று நம் கணினி கேட்பது ஒரு வரியாகவும், அதற்கு வரும் மறுமொழி அடுத்த வரியாகவும் தோன்றும். வரியைச் சொடுக்கினால் பாக்கெட்டின் அந்தரங்கம் விரியும்: முதல் 6 பைட்டுகள் பெறும் சாதனத்தின் முகவரி, அடுத்த 6 அனுப்பும் சாதனத்தின் முகவரி, பின்வரும் 2 உள்ளே இருப்பது இன்ன வகை என்னும் குறிப்பு. கேள்வி மட்டும் திரும்பத் திரும்பப் போய், மறுமொழியே வராதிருந்தால், பெயருக்கு முகவரி சொல்லும் சர்வரையோ அதற்குச் செல்லும் பாதையையோதான் முதலில் ஆராய வேண்டும் என்பது தெளிவாகும்.

நாடி பிடிக்கும் கைக்கு வேண்டிய நாணயம் இங்கும் வேண்டும். சொந்த வலையமைப்பிலும், உடையவர் அனுமதித்த இடத்திலும் மட்டுமே இக்கருவியைத் திறவுங்கள். பிறர் வீட்டுக் கடிதத்தைப் பிரிப்பது என்றும் குற்றமே.