கொசுவுக்கு நம் ரத்தம் எதற்கு?

நம்மைக் கடிப்பது பெண் கொசு மட்டும்தான். ஆனால், அதன் பசிக்குப் பூந்தேனும் செடிச்சாறுமே போதும். ரத்தம் தேடி வருவது முக்கியமாக முட்டைக்காக!

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவை எடுத்துக்கொள்வோம். கூட்டுப்புழு உறையை விட்டு வெளியே வந்ததும், அதன் உடலில் 'ஜுவனைல் ஹார்மோன்' சுரக்கத் தொடங்குகிறது. புழுவாக இருந்தபோது சீக்கிரமே பெரிதாகிவிடாமல் தடுத்து வைத்த அதே ஹார்மோன்தான், இப்போது சினைப்பையைத் தயார் செய்கிறது. சுமார் 3 நாளில் எல்லாம் ரெடி. ஆனாலும், ரத்தம் கிடைக்கும்வரை முட்டைகள் வளராமல் காத்திருக்கும்.

ரத்தம் உள்ளே போனதும் மூளையிலிருந்து உத்தரவு பறக்கிறது. உடனே சினைப்பை 'எக்டைசோன்' என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கொசுவின் கொழுப்புத் திசு அதை வீரியமான வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு, மஞ்சள் கருவுக்கான புரதத்தைத் தயாரித்து அனுப்புகிறது. அடுத்த சில நாள்களில் சுமார் நூறு முட்டைகள்!

இந்த ஹார்மோனை வைத்தே கொசுவை மடக்கவும் முடியும். ஜுவனைல் ஹார்மோன் போலவே செயல்படும் பைரிப்ராக்சிஃபென் மருந்தைத் தண்ணீரில் கலந்தால், கூட்டுப்புழு கொசுவாக வெளிவராது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது? இந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில்தான் முட்டையை ஒட்டும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் டிரம், தொட்டி, ஃப்ரிட்ஜின் பின்புற டிரே எதுவானாலும் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்!