குழந்தையின் சிவப்புக் கட்டி... தானாக மறையும் என்று விட்டுவிடலாமா?

கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது கன்னத்திலோ முதுகிலோ கொசு கடித்தாற்போல ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். பத்து, இருபது நாளில் அது புடைத்துக்கொண்டு கோவைப்பழம் மாதிரி சிவக்கும். "வயித்துல இருக்கும்போது கிரகணம் பட்டிருக்கும்" என்பார் ஒரு பாட்டி. "அதிர்ஷ்ட மச்சம், தொடாதே" என்பார் இன்னொருவர். விஷயம் தெரிந்தவர்கள்கூட, "தானா மறைஞ்சுடும், விடுங்க" என்பார்கள்.

இது மச்சம் அல்ல. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பெருகுவதால் வரும் கட்டி. 'ஹீமாஞ்சியோமா' என்பது இதன் பெயர். புற்றுநோய் இல்லை, பயம் வேண்டாம். நூறு குழந்தைகளில் 4, 5 பேருக்கு வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கும் அதிகம்.

மறையும் என்பது பாதி உண்மை

முதல் மூன்று மாதங்களில் கட்டி மளமளவென்று வளரும். பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குள் வளர்ச்சி முடிந்துவிடும். ஒரு வயதை ஒட்டி நிறம் மங்கி, மெல்ல வடியத் தொடங்கும். நான்கு வயதுக்குள் பெரும்பாலானவை வடிந்துவிடும்.

ஆனால் கட்டி வடிந்தால் தோல் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். சிகிச்சை தராத 184 கட்டிகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏறக்குறைய 55 சதவீதத்தில் நிரந்தர அடையாளம் தங்கிவிட்டது தெரிந்தது. நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள், சுருங்கித் தொளதொளத்த தோல், கொழுப்பு மேடு ஆகியவைதான் அந்த அடையாளங்கள். தோலுக்கு மேலே செங்குத்தாகப் புடைத்து நிற்கும் கட்டிகளில் இது அதிகம். முதுகில் இருந்தால் சட்டை மறைத்துவிடும். மூக்கு நுனியிலோ உதட்டிலோ இருந்தால்? பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கேலி செய்யும்போது அந்தப் பிஞ்சு மனசு படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

காத்திருக்கக் கூடாத இடங்கள்

* கண் இமை, கண்ணைச் சுற்றி: கட்டி பார்வையை மறைத்தாலோ விழியை அழுத்தினாலோ, அந்தக் கண்ணின் பார்வை வளராமலே போகலாம். பிறகு கட்டி வடிந்தும் பயனில்லை.
* உதடு, இடுப்புக்குக் கீழ் ஈரம் படும் இடம்: புண்ணாகி வலிக்கும், ரத்தம் கசியும். புண் ஆறினால் தழும்பு நிச்சயம்.
* தாடை, கழுத்து: தொண்டைக்குள்ளும் கட்டி இருக்கலாம். மூச்சு இரைந்தால் அன்றே ஆஸ்பத்திரி.
* உடம்பில் ஐந்து அல்லது அதற்கு மேல்: கல்லீரலை ஸ்கேன் செய்ய வேண்டும்.
* முகத்தில் பெரிதாகப் படர்ந்தது, முதுகுத்தண்டின் அடியில் உள்ளது: உள்ளுறுப்புகளையும் சோதிக்க வேண்டும்.

சிகிச்சை உண்டு

பிரான்ஸின் போர்டோ நகரில், இதயத் தசை தடித்த ஒரு குழந்தைக்கு 'புரோப்ரனலால்' கொடுத்தபோது, முகத்திலிருந்த கட்டியும் வாடியதாக 2008-இல் டாக்டர்கள் எழுதினார்கள். இன்று பெரிய கட்டிகளுக்கு இதுதான் முதல் மருந்து. கட்டி வளரும் மாதங்களிலேயே தொடங்கினால்தான் முழுப் பலன். இதயத் துடிப்பைச் சோதித்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். வயிற்றுக்குப் பால் கொடுத்த பிறகே மருந்து. குழந்தை பால் குடிக்காவிட்டாலோ வாந்தி எடுத்தாலோ அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்.

சித்த மருத்துவனாக ஒன்று சொல்கிறேன். நம் மருத்துவத்தில் காரம், சுட்டிகை என்ற முறைகள் உண்டு. அவை இந்தக் கட்டிக்கு அல்ல. சுண்ணாம்பு வைப்பது, பச்சிலை அரைத்துப் போடுவது, முடி கட்டுவது எதுவும் கூடாது. தோல் வெந்து புண்ணாகும்.

பிறந்தபோதே தட்டையாக இளஞ்சிவப்பாக இருந்து, குழந்தையோடு சேர்ந்து வளரும் படை வேறு வகை. அது வடியாது. அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

குழந்தைக்கு வயது கூடிவிட்டதா? கவலை வேண்டாம். மிஞ்சிய சிவப்பு நரம்புகளுக்கு லேசர், தொங்கும் தோலுக்கு ஆபரேஷன் இருக்கின்றன. பள்ளியில் சேர்க்கும் முன் யோசனை கேட்கலாம்.

கைக்குழந்தை என்றால், புள்ளி தெரிந்ததும் போட்டோ எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். வளர்ந்தால், அடுத்த தடுப்பூசி வரை காத்திராமல், ஒரு மாதம் நிறைவதற்குள் குழந்தை டாக்டரிடமோ தோல் டாக்டரிடமோ காட்டிவிடுங்கள்.