எண்ணெய் இயந்திரம் உண்ணும் எண்ணெய்: ராத்தல் கணக்கும் கிலோ கணக்கும்

கிணற்றுப் பாசனத்தில் எண்ணெய் இயந்திரத்தை நம்பியிருக்கும் குடியானவருக்கு, நீர் இறைக்கும் செலவிற் பெரும்பகுதி டீசல் எண்ணெய்க்கே போகிறது. தம் இயந்திரம் மணி ஒன்றுக்கு எவ்வளவு எண்ணெய் உண்கிறதென்பதை அறிந்தவர் அநேகர். அது நியாயமான அளவா, மிகையா என்பதை அறிந்தவர் சிலரே. காரணம் யாதெனில், எண்ணெய் வாங்குவது லிட்டரில். பழைய இயந்திரங்களோடு வந்த ஆங்கிலக் குறிப்புப் புத்தகங்கள் கூறுவது பவுண்டு எனப்படும் ராத்தலில். இக்காலத்துப் புத்தகங்கள் கூறுவது கிராமில். இந்தியாவில் 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி மெட்ரிக் நிறைகள் 1958 முதல் படிப்படியாக வழக்கிற்கு வந்தன. எனினும் பழைய புத்தகமும் பழைய இயந்திரமும் பல கிணற்று மேடுகளில் இன்னும் இருக்கின்றன.

கனடா தேசத்தில் நேர்ந்தது

ராத்தலையும் கிலோவையும் மயக்கிக்கொள்வது கற்றறிந்தோரிடத்தும் நேரக்கூடியதே. 1983-ஆம் வருஷம் ஜூலை மாதம் 23-ஆம் தேதி கனடாவில் மாண்ட்ரியால் நகரினின்று எட்மண்டன் நகருக்குப் புறப்பட்ட ஆகாய விமானம் ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. எரிபொருள் காட்டும் கருவி பழுதுபட்டிருந்தமையால், தொட்டியிற் கோல் விட்டு அளந்தனர். 7,682 லிட்டர் இருந்தது. இதனைக் கிலோவாக்க லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 0.8 என்று பெருக்கியிருக்க வேண்டும். ஆனால் 1.77 என்னும் எண்ணாற் பெருக்கினர். அது லிட்டர் ஒன்றுக்கு எத்தனை ராத்தல் என்பதைக் காட்டும் எண். ஆகையால் சுமார் 20,000 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே நிரப்பப்பட்டது. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்றன. விமானிகள் சாமர்த்தியமாக கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானத்தளத்தில் அதனை இறக்கினர். விமானத்திலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். பெருக்கலிற் பிழையில்லை, எடுத்துக்கொண்ட எண் எந்த அளவையைச் சேர்ந்தது என்று பாராததே பிழை.

நினைவிற் கொள்ளத்தக்க அளவுகள்

லிட்டரும் காலனும் கொள்ளளவைகள். கிலோகிராமும் ராத்தலும் நிறைகள். ஒரு படி நெல்லும் ஒரு படி உளுந்தும் ஒரே எடை நில்லாதது போல, ஒரு லிட்டர் நீரும் ஒரு லிட்டர் டீசலும் ஒரே எடை நில்லா. ஆகவே கொள்ளளவை நிறையாக்குவதற்கு அடர்த்தி இன்றியமையாதது.

1 ராத்தல் = 0.4536 கிலோ
1 கிலோ = 2.205 ராத்தல்
1 பிரிட்டிஷ் காலன் = 4.546 லிட்டர்
1 அமெரிக்க காலன் = 3.785 லிட்டர்
1 லிட்டர் டீசல் = ஏறக்குறைய 0.83 கிலோ, அதாவது 1.83 ராத்தல்
1 பிரிட்டிஷ் குதிரைச் சக்தி = 0.746 கிலோவாட்

பிரிட்டிஷ் காலன் அளவுள்ள நீர் 10 ராத்தல் நிற்கும். அதே அளவு டீசல் 8.3 ராத்தலே நிற்கும். மேலும், வெப்பம் ஏறினால் எண்ணெய் விரியும். 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கு விரிவு நூற்றுக்கு ஒன்றினுஞ் சற்றுக் குறைவு. இயந்திரச் செலவை நிறையிற் கூறும் வழக்கம் இதனால் ஏற்பட்டதே. குடியானவரின் சோதனைக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று.

சோதிக்கும் முறை

இயந்திரத்தை அரைமணி நேரம் வழக்கமான பாரத்தில் ஓட்டிச் சூடேறச் செய்க. பின்பு நிறுத்தி, எண்ணெய்த் தொட்டியில் ஒரு குறிவரை நிரப்புக. சரியாக ஒரு மணி நேரம் நீர் இறைத்து, மறுபடியும் நிறுத்தி, அதே குறிவரை அளவுக் குவளையால் ஊற்றுக. ஊற்றிய அளவே மணி ஒன்றுக்கான செலவு. குழாய் இணைப்புகளில் ஒழுக்கு இருத்தலாகாது. இச்சோதனையை இரு முறை செய்து பார்த்தல் நலம்.

ஓர் உதாரணம்

5 குதிரைச் சக்தியுள்ள இயந்திரம் முழுப்பாரத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்க. அதன் புத்தகம், குதிரைச் சக்தி ஒன்றுக்கு மணிக்கு 0.45 ராத்தல் என்று கூறுகிறது. ஐந்துக்கு 2.25 ஆகும். உடையவர் சோதித்ததில் மணிக்கு 1.75 லிட்டர் செலவாகிறது. 1.75 என்பது 2.25-க்குக் குறைவென்று கண்டு அவர் திருப்தியடையக்கூடும். ஆனால் 1.75 லிட்டரை 1.83-ஆற் பெருக்கினால் 3.2 ராத்தல் வருகிறது. அதாவது நூற்றுக்கு 42 பங்கு மிகைச் செலவு. இது மணி ஒன்றுக்கு அரை லிட்டருக்கு மேற்பட்ட நஷ்டம். வருஷத்தில் 400 மணி இறைப்பாராயின் 200 லிட்டருக்கு மேல் வீணாகும்.

புதுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டுமாயின், ராத்தற் கணக்கை 608-ஆற் பெருக்குக. கிலோவாட் ஒன்றுக்கு மணிக்கு எத்தனை கிராம் என்பது கிடைக்கும். மேற்கூறிய 0.45 ராத்தல் 274 கிராமுக்குச் சமம். ஒன்று கவனிக்கத்தக்கது: இயந்திரம் பாதிப்பாரத்தில் ஓடினால், குதிரைச் சக்தி ஒன்றுக்கு ஆகும் செலவு இயல்பாகவே உயரும். ஆதலால் புத்தகத்தின் எண் எப்பாரத்துக்குரியது என்று பார்த்தே ஒப்பிட வேண்டும்.

மிகை கண்டால் செய்யத்தக்கது

எண்ணெய் பீய்ச்சும் நாசில் தேய்ந்திருத்தல், காற்று வடிகட்டி அடைபட்டிருத்தல், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருத்தல் ஆகியவை பெரும்பாலான காரணங்கள். கரும்புகை இவற்றுக்கு அடையாளமாகும். பெல்ட் வழுக்கினாலும், புட்வால்வில் குப்பை அடைத்தாலும், எண்ணெய் செலவாகும் அளவுக்கு நீர் வாராது.

ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் இச்சோதனையைச் செய்து, தேதி, மணி, லிட்டர், ராத்தல், கிலோ ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் மேற்கண்ட அளவுகளைப் பெரிய எழுத்தில் எழுதிப் பொது இடத்தில் ஒட்டிவைப்பாராயின் பலருக்கும் பிரயோஜனமாகும். எண்ணுக்குப் பக்கத்தில் அளவையின் பெயரை எழுதாத கணக்கு கணக்காகாது.