கேட்காமல் வந்த நீலம்

கையும் பொருளும் – 9

சென்ற வாரம் வெள்ளீயக் குழாயில் நிறுத்தியிருந்தோம். ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் லண்டனில் இருந்தபோது, 1841-இல், எண்ணெய் வண்ணத்தைக் குழாயில் அடைக்க வழி கண்டார். அதுவரை பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்த வண்ணம் தோள்பைக்குள் வந்தது. ஓவியர்கள் அறையை விட்டு ஆற்றங்கரைக்குக் கிளம்பினார்கள். வண்ணத்தை அடைக்கிற குழாய்க்கே இவ்வளவு சக்தி என்றால், வண்ணமே புதிதாகப் பிறந்தால் என்ன ஆகும்? இந்த வாரம் ஒரே ஒரு நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சிவப்புக்குக் காவி மண், கறுப்புக்குக் கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு. இவை எந்த ஊரிலும் கிடைத்தன. தலைக்கு மேல் அவ்வளவு நீலம் இருந்தும், அள்ளிப் பூச நீலம் கிடையாது. அவுரி துணிக்குச் சரி. சுவரிலும் பலகையிலும் அதன் ஒளி மங்கல்தான். நல்ல நீலம் வேண்டுமென்றால் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டும் லாபிஸ் லசுலி கல்லை வாங்கி அரைக்க வேண்டும். அஜந்தா குகைகளுக்கு வந்ததும் அந்தக் கல்தான். ஐரோப்பிய தேவாலயங்களில் மாதாவின் அங்கிக்குப் போனதும் அதுதான். காசு கொடுக்கிறவர் சொன்னால்தான் ஓவியர் அதைத் தொட முடியும்.

இந்த நிலைமையை மாற்றியவர் சிவப்பு காய்ச்சப் போன ஒருவர். பெர்லினில் வண்ணம் தயாரித்துக்கொண்டிருந்த டீஸ்பாக், 1706-ஐ ஒட்டி, கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்பு எடுக்க முனைந்தார். அன்னபேதியும் பொட்டாஷும் சேர்க்க வேண்டும். டிப்பெல் என்பவரிடம் வாங்கிய பொட்டாஷ் ஏற்கெனவே மிருக எண்ணெய் வடிக்கப் பயன்பட்டது, அதில் ரத்தத்தின் எச்சம் கலந்திருந்தது என்பது பின்னாளில் எழுதி வைக்கப்பட்ட கதை. பாத்திரத்தில் சிவப்பு வரவில்லை. இரும்பும் கரியும் நைட்ரஜனும் கூடி அடர்ந்த நீலம் இறங்கியிருந்தது. பிரஷ்ய நீலம் என்று உலகம் இன்றும் சொல்வது இதைத்தான்.

அது ஜப்பானுக்குப் போன பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஜப்பானிய மரக்கட்டை அச்சுக்காரர்களிடம் அப்போது இரண்டு நீலங்கள் இருந்தன. ஒன்று பூவிதழிலிருந்து எடுப்பது. வெயில் பட்டால் வெளுக்கும், தண்ணீர் பட்டால் கலங்கும். மற்றொன்று அவுரி, அதைக் கொண்டு அடர்த்தியிலிருந்து வெளிறல் வரை சீராக இறக்குவது சிரமம். பிரஷ்ய நீலம் நாகசாகி துறைமுகம் வழியாக வந்தது. முதலில் விலை எட்டவில்லை. சீனாவிலிருந்து மலிவாக இறங்கத் தொடங்கியபின், 1830 வாக்கில், அச்சுக்கூடங்களுக்குள் நுழைந்தது. அந்த அச்சுகளுக்குப் படம் வரைந்த ஓவியர் ஹொகுசாய்க்கு அப்போது வயது எழுபது.

ஃபியூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்ற அவருடைய வரிசைக்குப் பதிப்பாளர் நிஷிமுராயா 1831-இல் விளம்பரம் கொடுத்தபோது, நீலத்தில் அச்சிட்டவை என்பதையே முன்வைத்தார். சரக்கே அதுதான்! தொடக்கப் படங்களில் வெளிக்கோடுகளைக்கூட வழக்கமான கறுப்பு மையில் போடாமல் நீலத்தில் போட்டார்கள். விற்பனை நன்றாக இருந்திருக்க வேண்டும். முப்பத்தாறு என்று தொடங்கியது நாற்பத்தாறில் முடிந்தது. அந்த வரிசையில் ஒன்றுதான் இன்று தேநீர்க் கோப்பை வரை வந்துவிட்ட அந்தப் பெரிய அலை.

இங்கே ஒரு விஷயம். ஹொகுசாய் அலை வரைந்தது அதுவே முதல் முறை இல்லை. 1800-களின் தொடக்கத்திலேயே, நாற்பதைத் தாண்டிய வயதில், படகுகளின் மேல் எழும்பும் பேரலைகளை வரைந்து அச்சிட்டிருக்கிறார். அலை இருக்கிறது, படகு இருக்கிறது, சாய்வு இருக்கிறது. பார்த்தால் கனமான ஏதோ ஒரு திண்டு எழுந்து நிற்பதுபோல இருக்கும், தண்ணீர் தெரியாது. கால் நூற்றாண்டாக மனதில் கிடந்த அலைக்கு ஆழம் கொடுத்தது பெர்லின்காரரின் பாத்திரத்தில் தவறி விழுந்த தூள். ஈரத்துணியால் கட்டையின் மேல் மையைத் துடைத்துத் துடைத்து அடர்நீலத்தை வெளிர்நீலமாக இறக்கிய அச்சுத் தொழிலாளிக்கும் இதில் பங்கு உண்டு. அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

அதே நீலத்தை அதே ஆண்டுகளில் வேறு பலரும் வாங்கி அச்சிட்டார்கள். எல்லோருக்கும் அந்த அலை கிடைத்துவிடவில்லை. பொருள் வந்து கதவைத் தட்டும். உள்ளே இருபத்தைந்து வருட ஏக்கம் இருந்தால்தான் கதவு திறக்கும்.

லாபிஸ் கல் கதைக்கு வருவோம். அந்த நீலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 ஃபிராங்க் பரிசு என்று 1824-இல் பிரான்ஸில் அறிவித்தார்கள். 1828-இல் கிமே என்பவர் பரிசை வாங்கினார். களிமண், சோடா, கந்தகம், கரி எல்லாவற்றையும் உலையிலிட்டுச் சுட்டால் போதும். விலை சரிந்தது. எவ்வளவு சரிந்தது என்பதற்கு நம் வீடுகளே சாட்சி: வெள்ளை வேட்டிக்கும் பொங்கலுக்கு அடிக்கும் சுண்ணாம்புக்கும் நம் பாட்டிமார் கலந்த நீலப்பொடி அதுதான். அஜந்தா ஓவியனுக்கு மலை தாண்டி வந்த நிறம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பொட்டலமாகக் கிடந்தது.

இவ்வளவு மலிந்த தூளில் புதிதாக என்ன பார்க்க முடியும்? ஈவ் கிளைன் என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்தார். தூளாக இருக்கும்போது கண்ணைப் பறிக்கும் நீலம், எண்ணெயில் குழைத்ததும் செத்துவிடுகிறது. இது அவரை உறுத்தியது. பாரிஸில் வண்ணக்கடை வைத்திருந்த எதுவார் ஆதாமின் உதவியோடு ஒரு செயற்கைப் பிசினைப் பிடித்தார். அது தூளை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தூளின் மேல் படலமாகப் படியாது. 1957-இல் மிலானில் ஒரே அளவில் பதினொரு நீலப் பலகைகளை மாட்டினார். வேறொன்றும் அவற்றில் இல்லை. கிளைனின் தத்துவப் பேச்சு எனக்கு அவ்வளவாக ஒட்டாது. ஆனால் தூளுக்கும் பூச்சுக்கும் இடையே நிறம் எங்கே தொலைகிறது என்று கடைக்காரரோடு உட்கார்ந்து ஆராய்ந்த மனிதர்மேல் பெரிய மரியாதை உண்டு.

இந்தக் கதையின் கடைசிக் கண்ணி நம் ஊர்க்காரர். சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற வேதியியலாளர் மாஸ் சுப்பிரமணியன். டுபாண்ட் நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 2009-இல் அவர் தேடியது மின்னணுக் கருவிகளுக்கான ஒரு பொருளை. யிட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளைக் கலந்து 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுட்டார்கள். மாங்கனீசு ஆக்சைடு கறுப்பு. கலவையும் கறுப்போ பழுப்போ ஆகத்தான் வரவேண்டும். மாணவர் ஆண்ட்ரூ ஸ்மித் உலையைத் திறந்து எடுத்தது பளீரென்ற நீலம்.

தேடியது இதுவல்ல என்று தள்ளிவைத்திருக்கலாம். கனிமங்களிலிருந்து கிடைக்கும் நல்ல நீலம் எவ்வளவு அரிது என்று சுப்பிரமணியனுக்குத் தெரியும். 1802-இன் கோபால்ட் நீலத்துக்குப் பிறகு அந்த வகையில் பெரிதாக எதுவும் வந்திருக்கவில்லை. அதனால் பின்தொடர்ந்தார். ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் சூழ ஓர் அபூர்வ அமைப்பில் மாங்கனீசு உட்கார்ந்திருக்கிறது. அது சிவப்பையும் பச்சையையும் விழுங்கி நீலத்தை மட்டும் திருப்பித் தருகிறது. மாங்கனீசைக் குறைத்தால் வானநீலம், கூட்டினால் கறுப்பை நோக்கிப் போகும். அகச்சிவப்புக் கதிர்களையும் இது திருப்பி அனுப்புவதால் கூரைக்குப் பூசினால் கட்டிடத்தின் சூடு குறையும். நம் மொட்டை மாடிகளுக்கு இப்போதைக்கு ஆசைப்பட வேண்டாம். இண்டியத்தின் விலை அப்படி.

மூன்று தனிமங்களின் குறியீடுகளைச் சேர்த்து யின்மின் நீலம் என்கிறார்கள். 2017-இல் கிரேயோலா நிறுவனம் இதைப் பார்த்து ஒரு புது மெழுகு வண்ணக்குச்சியை வெளியிட்டது. ஓவியர்களுக்கான வண்ணமாக விற்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2020-இல். சுப்பிரமணியன் அதன்பின் அதே படிக அமைப்பை வைத்துக்கொண்டு பச்சையும் ஊதாவும் ஆரஞ்சும் எடுத்தார். அகப்படாமல் போக்குக் காட்டுவது சிவப்பு. டீஸ்பாக் எதைத் தேடினாரோ அதையேதான் இவரும் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஓவியம் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கற்பனை வறண்டுவிட்டது என்று தோன்றும் வாரத்தில் ஓவியக் கண்காட்சிக்குப் போகாதீர்கள். பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் கூடத்துக்குப் போய், வேண்டாமென்று ஒதுக்கிய தூள்களைக் காட்டச் சொல்லுங்கள். எது நஞ்சு என்று கேட்டுக்கொண்டு, கையுறை போட்ட பிறகு தொடுங்கள்.

அடுத்த வாரம்: அறுவை சிகிச்சைக்குப் பின் கத்தரிக்கோலை எடுத்த மத்தீஸ்.