முழங்கால் வலிக்கு ஒத்தடம்



கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்குகிற அம்மாமாருக்கு அப்புத்தளைக் குளிரில் முழங்கால் வலி கூடும். மூட்டுக்குள்ளே குருத்தெலும்பு தேய்வதுதான் பெரும்பாலும் காரணம்.

நொச்சி இலையை நல்லெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கிற சூட்டில் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்க. நொச்சி கிடைக்காவிட்டால் கல்லுப்பை வறுத்துக் கட்டினாலும் போதும். சீனி வருத்தக்காரருக்குச் சூடு தெரியாமல் போகலாம். வேறொருவர் கையால் பார்த்துத்தான் வைக்கணும். சித்தாலேப, யூக்கலிப்டஸ் தைலம் பூசினால், அதன்மேல் சூடு வேண்டாம், தோல் வெந்துவிடும்.

இவை வலியைத்தான் குறைக்கும், தேய்ந்ததை வளர்க்காது. கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டி, ஐந்து எண்ணி இறக்கிப் பழகுங்க. தொடைச் சதை பலமானால் மூட்டுச் சுமை குறையும்.

முழங்கால் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால், கிருமி பட்டிருக்கலாம். தைலத்தை நம்பி இருக்காமல் அன்றைக்கே தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.