கண்ணாடிக் கடலில் ஒரு மீனைப் பிடிக்க...



வீட்டின் நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதனுள் ஒரு சிறு கடல். கோமாளி மீன்களும் நீல நிற டாம்செல் மீன்களும் நீந்தி விளையாடும் அந்தக் காட்சியைக் கண்டு மகிழாத குழந்தை உண்டோ? ஆனால், அந்தத் தொட்டியிலிருந்து ஒரே ஒரு மீனை வெளியே எடுக்க வேண்டிய நிலை வரும்போதுதான், 'அடடா, இது கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதை விடக் கடினமாயிற்றே!' என்பது நமக்குப் புரியும்.

எங்கள் இல்லத்தில் நடந்ததையே முதலில் கூறிவிடுகிறேன். வளைகுடாவிலிருந்து திரும்பிய என் தம்பி, மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி ஒன்றை ஆசையுடன் அமைத்தான். ஏறத்தாழ 190 லிட்டர் நீர் கொள்ளும் அதற்கு, லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஆறரைக் கிலோவுக்கு மேல் கடலுப்புக் கலவை தேவைப்பட்டது. எல்லாம் நன்றாகவே நடந்தன. சில மாதங்களில் ஒரு டாம்செல் மீன் தொட்டி முழுவதையும் தனக்கே சொந்தமாக்கிக் கொண்டு, கோமாளி மீன் இரண்டையும் கடித்துத் துரத்தத் தொடங்கிற்று. அதனை அப்புறப்படுத்த முடிவு செய்தோம்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகல். பிள்ளைகள் சுற்றி நின்று ஆரவாரம் செய்ய, தம்பி வலையும் கையுமாய்த் துரத்தினான். ஒரு மணி நேரம் கழிந்தது. அடுக்கியிருந்த கற்கள் சரிந்தன, நீர் கலங்கிற்று. மிரண்டு போன கோமாளி மீன் ஒன்று துள்ளித் தரையில் விழுந்தது. அலமாரிக்கு அடியில் சென்றுவிட்ட அதனைத் தேடி எடுப்பதற்குள் உயிர் போயிற்று. குற்றவாளியான டாம்செல்லோ கல்லிடுக்கில் பத்திரமாக இருந்தது! சின்னவள் விம்மி விம்மி அழுதாள்.

அப்போது உம்மா சொன்ன ஒரு சொல்லை நான் மறக்கவில்லை: "துரத்தினால் ஒளியத்தானே வாப்பா செய்யும்? பசித்தால் அதுவாக வரும்." மீன் பிடிக்கும் கலையின் முழு இரகசியமும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

பிடிக்க வேண்டிய தேவை ஏன்?

மீனை எடுக்க வேண்டிய காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, மேலே கூறிய சண்டை. மற்றொன்று நோய். கடல் மீன்களின் உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றினால், அது 'கிரிப்டோகேரியான்' என்னும் ஒட்டுண்ணியின் வேலையாக இருக்கலாம். இதற்குத் தரப்படும் தாமிரம் கலந்த மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றக் கூடாது. இறால், நத்தை போன்ற பிற உயிர்களை அது கொன்றுவிடும். ஆகவே மீன்கள் அனைத்தையும் தனித் தொட்டிக்கு மாற்றியே வைத்தியம் செய்ய வேண்டும். பெரிய தொட்டியைப் பத்து, பதினோரு வாரங்கள் மீனின்றி விட்டு வைத்தால், தங்குவதற்கு இடமின்றி ஒட்டுண்ணி அழிந்து போகும். ஒரு மீன் தப்பினாலும் நோயும் தங்கிவிடும்.

முதலில் நம் பாதுகாப்பு

உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். எனவே கையை நீரில் விடுமுன் மோட்டார், விளக்கு, சூடேற்றி ஆகிய அனைத்தின் இணைப்பையும் சுவிட்சில் அணைப்பதோடு நில்லாமல், பிளக்கையே கழற்றி விடுங்கள். வீட்டில் மின்கசிவுத் தடுப்பான் பொருத்தியிருப்பது மிகவும் நன்று.

கையில் வெட்டுக் காயம் இருந்தால் நீரில் விடாதீர்கள். மீன் தொட்டி நீரிலிருந்து புண் வழியே புகுந்து, தோலில் நாட்பட்ட கட்டிகளை உண்டாக்கும் கிருமி உண்டு. நீண்ட இரப்பர்க் கையுறை அணிவது சிறந்தது. கையுறை இல்லையென்றால், சோப்பும் அத்தரும் வாசனைத் தைலமும் கையில் இல்லாதபடி வெறும் நீரால் நன்கு கழுவிக் கொள்ளுங்கள். நமக்கு மணம் தரும் பொருள் மீனுக்கு நஞ்சாகலாம்.

பொறி வைக்கும் முறை

மிகவும் எளிதான முறை இதுவே. இரண்டு லிட்டர் கொள்ளும் குளிர்பானப் பாட்டிலைச் சோப்பு இல்லாமல் கழுவிக் கொள்ளுங்கள். தோள் பகுதியில் வெட்டி, மேற்பாகத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கீழ்ப்பாகத்தினுள் செருகுங்கள். குறுகிய வாயையும் மீன் தாராளமாக நுழையும் அளவுக்கு வெட்டி அகலமாக்குங்கள். ஓரங்கள் கூராக இருந்தால் மீனின் உடலைக் கிழித்துவிடும். தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். நீர் ஓடுவதற்குச் சிறு துளைகள் இடுங்கள். உள்ளே ஒரு கூழாங்கல்லையும் சிறிது உணவையும் இட்டு, கயிறு கட்டித் தொட்டியில் இறக்குங்கள்.

முதல் நாளே பிடித்துவிட எண்ணாதீர்கள். அந்தப் புதுப் பொருளைக் கண்டு மீன் அஞ்சும். இரண்டு, மூன்று நாட்கள் அதனருகிலும் உள்ளேயுமே உணவிட்டு வாருங்கள். அச்சம் தெளிந்து தானாக உள்ளே சென்று உண்ணத் தொடங்கும். பிறகு ஒருநாள் உணவைச் சற்றுக் குறைத்து, மறுநாள் பொறியில் இட்டு, அருகிலேயே அமர்ந்திருங்கள். வேண்டிய மீன் நுழைந்ததும் வாயை மூடி மெல்லத் தூக்குங்கள். ஆளில்லாத நேரத்தில் பொறியை விட்டு வைக்காதீர்கள். சிக்கிய மீன் மோதி மோதித் துன்புறும். எங்கள் டாம்செல் இரண்டாம் நாள் மாலையே இவ்வாறு அகப்பட்டது. துரத்தலும் இல்லை, ஆரவாரமும் இல்லை.

பொறிக்கு வராத மீன்கள்

சில மீன்கள் பொறியை அண்டுவதே இல்லை. அவற்றை இரவில் பிடிக்கலாம். விளக்கணைத்து இரண்டு, மூன்று மணி நேரம் சென்றபின், பகலில் விரைந்தோடும் மீன்கள் பலவும் கல்லிடுக்கில் அசையாது உறங்கும். மங்கலான டார்ச் ஒளியில் பார்த்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை மெல்ல முன்னே நீட்டி அதனுள் செலுத்தலாம். ஆனால் சிலவகை ராஸ் மீன்கள் இரவில் மணலில் புதைந்து கொள்ளும். அவற்றைப் பகலில்தான் பிடிக்க வேண்டும்.

இதுவும் இயலவில்லையெனில், நீரைக் குழாய் மூலம் சுத்தமான வாளிகளில் பாதிக்கு மேல் இறக்கி, கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பிடிப்பதே வழி. அரைகுறையாய்க் கல்லை நகர்த்தினால் சரிந்து மீனை நசுக்கும். எடுத்த நீரைக் கொட்டிவிடாமல் மீண்டும் ஊற்றிக் கொள்ளலாம். வலை பயன்படுத்தினால் இரண்டாக வைத்துக் கொள்ளுங்கள்: பெரியதை அசையாமல் பிடித்து, சிறியதால் மெல்ல அதன் பக்கம் ஒதுக்குங்கள். வலைக்குள் வந்ததும் நீரினுள்ளேயே ஒரு பெட்டியில் மாற்றி, நீரோடு சேர்த்தே தூக்குங்கள். மீனின் உடலைப் போர்த்தியுள்ள வழவழப்பான படலமே அதற்குக் கவசம்; முரட்டு வலை அதனைச் சுரண்டிவிட்டால் நோய் எளிதில் தொற்றும்.

இவற்றிடம் எச்சரிக்கை!

சிங்க மீனின் முதுகு முட்களில் நஞ்சுண்டு. குத்திவிட்டால், தாங்கக்கூடிய சுடுநீரில், 45 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல், அந்தப் பகுதியை முப்பது நிமிடங்களுக்குக் குறையாமல் வைத்திருந்து, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். சர்ஜன் மீனின் வால் அடியில் இருபுறமும் கத்தி போன்ற முள் உண்டு. ஏஞ்சல் மீனின் செவுள் மூடியிலுள்ள முள் வலையில் சிக்கும். இழுக்காமல் வலையைத் தளர்த்தி, தேவையானால் கத்தரித்து விடுவியுங்கள். கிளாத்தி மீன் முதுகு முள்ளை நிமிர்த்திக் கல்லிடுக்கில் பூட்டிக் கொள்ளும். பிடித்து இழுத்தால் காயம்தான். பேத்தை மீனை நீரைவிட்டு வெளியே தூக்கவே கூடாது; காற்றை விழுங்கி ஊதிக்கொண்டால் அதனை வெளியேற்ற முடியாமல் தவிக்கும்.

பிடித்த பின்...

புதிய இடத்தின் வெப்பமும் உப்பின் அளவும் பழைய தொட்டியை ஒத்திருக்கட்டும். ஒளிந்து கொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டையாவது இடுங்கள். மேலே மூடி போடுங்கள். இனி வாங்கும் மீன்களைக் குறைந்தது நான்கு வாரங்கள் தனியே வைத்துக் கவனித்த பின்னரே சேர்த்தால், இந்தத் தொல்லையே பெரும்பாலும் நேராது.

வேண்டாத மீனைக் கடலில் விட்டுவிடலாம் என்று எண்ணாதீர்கள். இந்து, பசிபிக் கடல்களுக்குரிய சிங்க மீன் 1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் காணப்பட்டது. மீன் வளர்த்தோர் விட்டவற்றிலிருந்தே அது பெருகியிருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது. இன்று அக்கடலின் இயற்கை மீன்களுக்கு அது பெரும் பகையாக விளங்குகிறது. கடைக்காரரிடமோ மீன் வளர்க்கும் நண்பரிடமோ கொடுத்துவிடுவதே முறை.

சகோதரிகளே! நன்னீர் அழகு மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. கடல் மீன்களோ பெரும்பாலும் கடலிலேயே பிடிக்கப்பட்டவை. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள ஆய்வு மையங்கள் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்துக் காட்டியுள்ளன. வாங்கும்போது அத்தகைய வளர்ப்பு மீன்களையே கேட்டு வாங்குங்கள். எதுவாயினும், தன் வீட்டை விட்டு நம் வீட்டுக்கு வந்த அந்தச் சிற்றுயிருக்கு ஓடி ஒளிய இந்த மூன்றடிதான் உண்டு. அதற்குள்ளும் நாம் அதனை விரட்ட வேண்டுமா?

எங்கள் தொட்டியில் எஞ்சிய கோமாளி மீன் இப்போது அச்சமின்றி உலவுகிறது. சின்னவள்தான் அதற்கு நாள்தோறும் உணவிடுகிறாள். தொட்டிக்குக் கண்ணாடி மூடியும் போட்டாயிற்று. அலமாரிக்கு அடியில் சென்ற அந்த மீன் எங்களுக்குக் கற்பித்துச் சென்ற பாடம் அது.